பொட்டிய எறக்கி வச்சிட்டு வாங்கடா

காலை அசைக்காதீங்கய்யா. அசைக்க அசைக்க வலி கூடத்தான் செய்யும். அப்படியே அந்தச் சாக்கு மேல சாஞ்சிக்கிங்க. ஆளுங்க வரணும்ல. கணக்கப்புள்ள ஐயாவ தூக்குறதுன்னா லேசா? சோலைமல ஒருத்தன் தூக்குற ஒடம்பா இது? நாலு பேரு வேணும், கழி வேணும், கம்பளி வேணும். நாலு பேரும் கூடாரத்த தூக்கிக்கிட்டு எறங்கிட்டாங்க. ரோட்டுக்கு மூணு மைல் கட்டை, திரும்பி ஏற மூணு கட்டை. நீங்கதான அனுப்புனீங்க? மழைக்கு முந்தி கூடாரம் கீழ போயிரணும்னு வெரட்டி வெரட்டி அனுப்புனீங்க. அவங்க அந்தப் பக்கம் போறாங்க, இந்தப் பக்கம் ஐயா பாறையில வழுக்கி விழுறீங்க. என்னத்த சொல்றது.

மணி என்னங்கய்யா ஒங்க கையில? ரெண்டே காலா? ம்.

தொரைமாருங்க மீனு புடிக்கிற முகாம முடிச்சிக்கிட்டு காலையிலயே போயிட்டாங்க, அது ஒரு குத்தம். இந்நேரம் பங்களாவுல சுடுதண்ணியில குளிச்சிட்டு ஒக்காந்திருப்பாங்க. ஒங்க ஞாபகம் வரவா போவுது? கணக்கப்புள்ள எங்கன்னு நம்ம தொரை கேப்பாருன்னா நெனைக்கிறீங்க? ஐஸுப் பொட்டி வந்துருச்சான்னுதான் கேப்பாரு.

இந்தாங்க, இத காலுல வச்சிக்கிங்க. ஐஸுதான். துணியில சுத்திக் குடுக்குறேன். வீக்கத்துக்கு நல்லதும்பாங்க. குளுருதா? குளுரத்தான் செய்யும். இந்தப் பனியில யாருக்குங்கய்யா ஐஸு வேணும்? வாயத் தொறந்தா பொகையா வருது, இவனுகளுக்கு கிளாஸுக்குள்ள ஐஸு கேக்குது. இருந்தாலும் இந்தப் பொட்டி மாதிரி ஒண்ண நான் பாத்ததில்லங்க. அடியில நெருப்பு எரியுது, மேல தண்ணி கல்லா ஒறையுது. மொதமொதல்ல சீமையிலேர்ந்து வந்து எறங்குனப்ப எங்க லயத்து வரிசை வீட்டுல யாரும் நம்பல. பொட்டி தூக்குற அழகன் கையை விட்டுப் பாத்துட்டு, டேய் சுடுதுடான்னு கத்துனான். ஐஸ தொட்டா சுடுற மாதிரிதான இருக்கு. நீங்ககூட அன்னைக்கிச் சிரிச்சீங்க.

இந்தத் தோட்டத்துல இதப்பத்தித் தெரிஞ்சவன் இப்ப நான் ஒருத்தன்தான். தொரைக்கே தெரியாது. லாம்பெண்ணைய ஊத்தி, திரிய கத்திரிச்சி, நெருப்பு நீலமா நிக்கணும். மஞ்சளா எரிஞ்சா பொகையடிக்கும், ஐஸு வராது. அப்புறம் மட்டம். அதான் பெரிய விசயம். ஒரு தட்டுல தண்ணி ஊத்தி பொட்டி மேல வச்சிப் பாக்கணும், ஒரு பக்கம் தண்ணி ஓடுச்சின்னா அடியில கல்லக் குடுத்து ஒசத்தணும். கொஞ்சம் சாஞ்சிருந்தாலும் போதும், ராத்திரி பூரா எரிஞ்சாலும் உள்ள வெதுவெதுன்னு கெடக்கும். அவ்வளவு ரோசம் அதுக்கு. தூக்கிட்டு வரும்போதும் சாயக்கூடாது. ஏத்தத்துல முன்னாடி போறவன் குனியணும், பின்னாடி வர்றவன் கழிய தலைக்கு மேல புடிக்கணும். நீங்க பின்னால மட்டம், மட்டம்னு கத்திக்கிட்டே வருவீங்க. அந்தச் சத்தம் இன்னும் என் காதுலயே கெடக்குங்க.

என்ன? கூவிப் பாக்கவா? யாருக்குங்கய்யா கேக்கப் போவுது, இந்தப் பனி மூட்டத்துல.

அட்டை ஏறியிருக்குங்க, பாதத்துல ரெண்டு. இருக்கட்டும். கொஞ்சம் குடிச்சிட்டு அதுவே விழுந்துரும். நாங்க தேயிலக் கொழுந்து மலையில நாள் பூரா அதோடதான நிக்கிறோம்.

இந்த வேலைய நானே கேட்டு வாங்குனேன், ஞாபகம் இருக்கா? ரெண்டு வருசம் ஆச்சி. விடியக்காலம் பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல ஒங்க முன்னாடி வந்து நின்னு, ஐயா, பொட்டி பாக்குற வேலைய எனக்குக் குடுங்கன்னேன். என்னடா சோலைமல, செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திய போட்டுட்டு தொரை பீர் பாட்டில தொடைக்கவா ஆசைன்னு நீங்க கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்தப் பொட்டிக்குள்ள அப்படி என்னதான் இருக்குன்னு எனக்குப் பாக்கணும் போல இருந்துச்சுங்க, அதான்.

பாத்தேன். வெண்ணெ இருந்துச்சி. ஆத்துல புடிச்ச மீனு இருந்துச்சி. ஒரு தடவ வெள்ளக்கார அம்மா ஒருத்தி வந்தா, அவ மூஞ்சிக்குப் பூசுற களிம்பு ஒரு டப்பா. அவ்வளவுதான். இதுக்குள்ள வேற ஒண்ணும் இல்லங்க.

அதுக்கு முந்தி நான் வெறும் தூக்குற ஆளுதான். நாலுல ஒருத்தன். அந்த மாசி மாசம் தூக்குனதுதான் கடைசி. அன்னைக்கி நடந்தத ஐயாவுக்குச் சொல்லணுமா? நீங்களும் கூடத்தான இருந்தீங்க. சரி, ஆளுங்க வர்ற வரைக்கும் பேசிக்கிட்டிருந்தா வலி தெரியாது.

எங்க வீட்டுக்காரிக்கு விடியக்காலமே இடுப்பு நோவு கண்டுருச்சி. ரெண்டாவது புள்ள. மூத்தவ பூரணிக்கு அப்ப ஏழு வயசு. மருத்துவச்சி வந்து வயித்த தடவிப் பாத்துட்டு, தம்பி, புள்ள குறுக்கால கெடக்குது, என் கையில இல்ல, கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருன்னு சொல்லிட்டா. எங்க லயம் எங்க இருக்கு, மலை மேல, மேக்கணக்குல. லொறி வராது. நாக்காலியில ஒக்கார வச்சி, கழிய கட்டி, நாலு பேரு தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு எறங்கணும். எப்பவும் அப்படித்தான செய்வோம். நாக்காலிய கூட கட்டி வச்சிட்டேங்க. ஆளுக்குத்தான் பெரட்டுக்கு ஓடி வந்தேன்.

வந்தா, எல்லா ஆம்பளையும் அந்தப் பக்கத்து மலைக்கு மண்ணக் கெளற, முள்ளு குத்தப் போயாச்சி. களத்துல நிக்கிறது நாலு பேரு. அழகன், காளிமுத்து, சின்னத்தம்பி, நான். நாலு பேருக்கும் நடுவுல வெள்ள வெளேர்னு இந்தப் பொட்டி.

நான் ஒங்க கால்ல விழுந்தேங்க. இப்ப ஒடிஞ்சி கெடக்குதே, இதே காலுதான். ஐயா, ஒரு மூணு மணி நேரம் விடுங்கய்யா, அவள ரோட்டுல எறக்கிட்டு வந்து பொட்டிய தூக்குறோம்னு சொன்னேன். நீங்க வெத்தல மென்னுக்கிட்டிருந்தீங்க. துப்பிட்டு சொன்னீங்க, தொரை மேல முகாமுல பகல் சாப்பாட்டுக்கு ஐஸு இருக்கணும்னு சொல்லியிருக்காரு, பொட்டிய எறக்கி வச்சிட்டு ஓடி வாங்கடா, பொம்பளைக்கு என்ன, மெதுவாத்தான் பெறுவான்னு. அழகன் முடியாதுன்னு கழிய கீழ போட்டான். அவனப் பாத்து, நாலு பேருக்கும் பத்துச்சீட்டு எழுதி வெரட்டிருவேன்னீங்க. அப்புறம் அவன் கழிய எடுத்துக்கிட்டான். தோட்டத்த விட்டு வெரட்டுனா நாங்க எங்கங்கய்யா போறது? ஓட்டு இல்ல, காயிதம் இல்ல, கள்ளத்தோணியில வந்தவன்னு புடிச்சிக்கிட்டுப் போவானுக.

நான்தான் முன் கழி. அத நான் மறைக்கல. என் தோள்லதான் வச்சேன். கட்டி வச்ச நாக்காலிய லயத்துல போட்டுட்டு, பொட்டிய தூக்குனேன். ஓடலாம்னா ஓட முடியுமா? சாயக்கூடாதே. மட்டம், மட்டம்னு நீங்க பின்னாலயே வந்தீங்க. பொட்டச்சி கூட இத விட வெரசா நடப்பான்னு அழகன் பல்லக் கடிச்சான். எனக்கு அழுகை வந்துச்சி, தொடைக்கக் கை இல்ல.

இங்கதான் எறக்குனோம். இந்தா, இதே எடத்துல. தட்டுல தண்ணி ஊத்தி மட்டம் பாக்குற வரைக்கும் நிக்கச் சொன்னீங்க. நாலு தடவ கல்லு மாத்துனோம். போதும் போங்கடான்னு நீங்க சொன்னதும் விழுந்தடிச்சி ஓடுனோம். போயி அவள நாக்காலியில வச்சி தூக்கும்போது வெளக்கு வைக்கிற நேரம். பாதி வழியில, பாதை வளையிற அந்த ரெண்டாவது மொடக்குல, சின்னத்தம்பிதான் சொன்னான், மாமா எறக்குங்க, கை தொங்குதுன்னு.

புள்ளையும் உள்ளயே போயிருச்சி.

எங்க வீட்டுக்காரி பூரணி கிட்ட அன்னைக்கி பூரா கேட்டுக்கிட்டே இருந்தாளாம், அப்பா எங்கடின்னு. அதுக்குப் பூரணி, அப்பா பொட்டிய எறக்கி வச்சிட்டு வந்துருவாரும்மான்னு சொல்லியிருக்கா. ஏழு வயசுப் புள்ள. ஒங்க வார்த்தைய எங்கயோ கேட்டு வந்து அப்படியே சொல்லியிருக்கா.

இல்லங்க, ஐயா அழாதீங்க. எனக்கு அது வேண்டாம். அன்னைக்கி நீங்க எழவு வீட்டுக்கே வரல. மறுநா பெரட்டுல என்னைப் பாத்து, என்ன சோலைமல, இன்னைக்கும் லீவான்னு கேட்டீங்க. அன்னையிலேர்ந்து ஒவ்வொரு பயணத்துக்கும் ஒங்க பின்னாலயே வாறேன். எத்தன தடவ ஏறியிருக்கோம், பதினாலா? பதினஞ்சா? ஒவ்வொரு தடவையும் இந்த ஆத்துப் பாறைய பாப்பேன், ஒங்க காலு சப்பாத்தப் பாப்பேன். நான் தள்ளலங்க. சாமி சத்தியமா கை வைக்கல. அந்தப் பக்கம் ஒரே பாசின்னு எனக்குத் தெரியும், சொல்லல. அவ்வளவுதான் என் தப்பு. நீங்க விழுந்த சத்தம் கேட்டப்ப வயிறு குளுந்துச்சி, அதையும் சொல்லிர்றேன்.

மணி என்னங்க இப்ப? நாலா? பனி எறங்கிருச்சி. ஆமா, இன்னும் கொஞ்ச நேரத்துல வழி தெரியாது. பயமா இருக்கா? வெரலு நீலம் பூத்திருக்கு. அந்தக் கம்பளிய தரவா? அது பொட்டிக்குச் சுத்துற கம்பளிங்க, தொரைக்குத் தெரிஞ்சா ஏசுவாரு.

சரி, போத்திக்கிங்க. நான் ஒங்கள மாதிரி இல்ல.

ஆளுங்களா? ஆளுங்க எப்பவோ வந்துட்டாங்கய்யா.

அவங்க ரோட்டுக்கே போகல. நீங்க விழுந்த ஒடனே நான் ஓடிப்போயி மொடக்குல மறிச்சிட்டேன். அந்தா, அந்த மரக்கூட்டத்துக்குப் பின்னால ஒக்காந்து கருப்புத் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டிருக்காங்க. அன்னைக்கி தூக்குன அதே மூணு பேரு, எனக்குப் பதிலா கந்தப்பன். கழியும் கைவசம் இருக்கு. நான் ஒரு கூவு கூவுனா போதும், வந்து தூக்கிருவாங்க. இருட்டுக்கு முந்தி ரோட்டுல எறக்கிருவோம். ஒங்க காலுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு.

திட்டாதீங்க. பத்துச்சீட்டா? குடுங்க, வாங்கிக்கிறேன். கீழ போனாத்தான எழுதுவீங்க.

கூப்புடுறேங்க. கூப்புடாம விடுவேனா. ஒரே ஒரு கேள்விதான். இவ்வளவு நேரமா நான் வீட்டுக்காரி, வீட்டுக்காரின்னே சொல்லிக்கிட்டிருக்கேன். அவ பேரு என்னங்கய்யா?

பதினோரு வருசம் அவ இந்தத் தோட்டத்துல கொழுந்து எடுத்தா. பதினோரு வருசமும் விடியக்காலம் பெரட்டுல நின்னு அந்தப் பேர வாயாலக் கூப்புட்டது நீங்க. மழை நாள், வெயில் நாள், ஒரு நாள் விடாம. அவளும் சாமின்னு கையத் தூக்குவா. அவ செத்த மறுநா பேர்ப் பொஸ்தகத்துல செவப்பு மையில அடிச்சதும் நீங்கதான். நான் கிட்டதான் நின்னேன். வேற யாருக்குத் தெரியாட்டியும் ஒங்களுக்குத் தெரியணும்ல. பேரச் சொல்லுங்க, கூவுறேன்.

மீனம்மாவா? அது எங்க அக்காங்க. கும்பிட்டுட்டு எதிர்லயே போவாளே.

பூரணி எம் மக. இப்பத்தான் நானே சொன்னேன், அதப் புடிச்சிக்கிட்டீங்களா.

பொறுமையா யோசிங்கய்யா. நான் இங்கதான் இருக்கேன். அவங்களுக்கும் தேத்தண்ணி இன்னும் இருக்கு.

இல்லங்க. பேச்சியம்மாவும் இல்ல.