உருளைக்கிழங்குத் தராசு

ஹெர்மான்: ...ஏமாத்துக்காரனா? நானா? முப்பத்தொரு வருஷமா இந்தச் சைக்கிள் சங்கத்துல இருக்கேன்டா. என்னைப் பாத்தா?

வால்டர்: கத்தாத ஹெர்மான். நான் வெறும் செயலாளர். கமிட்டி குடுத்த கடிதத்தைக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.

மார்லீன்: தபால்ல போட்டிருக்கலாமே வால்டர்? என் சமையலறைல உக்காந்து, என் காபியைக் குடிச்சுக்கிட்டே என் புருஷனைத் திருடன்னு சொல்லணுமா?

வால்டர்: திருடன்னு யாரு எழுதினா மார்லீன்? ‘சந்தேகம்’னுதான்...

ஹெர்மான்: என்னடா சந்தேகம்? ரோடெல்லாம் பனி உறைஞ்சு கிடக்கு, மார்ச் வரைக்கும் அவங்கவங்க வீட்டுலயே மிதிப்போம், இன்டர்நெட்ல சேந்து டிவியில பந்தயம் வச்சுப்போம்னு சொன்னது யாரு?

வால்டர்: நான்தான்.

ஹெர்மான்: ட்ரெயினர் மெஷின் வாங்கு, ட்ரெயினர் மெஷின் வாங்குன்னு உயிரை எடுத்தது யாரு?

வால்டர்: அதுவும் நான்தான். அதுக்காக...

ஹெர்மான்: வாங்கினேன்ல? கராஜைக் காலி பண்ணேன். வண்டியோட பின்சக்கரத்தைக் கழட்டி, அந்த மெஷின்ல ஏத்தி, சங்கிலியை மாட்டி, கீழ ரப்பர் பாய் விரிச்சு, எதிர்ல விசிறி வச்சு...

மார்லீன்: என்னோட விசிறி.

ஹெர்மான்: அவளோட விசிறியை வச்சு, ஞாயித்துக்கிழமை தவறாம வேர்த்து ஒழுகி...

வால்டர்: விஷயமே அதான்ப்பா. நீ வேர்க்கவே இல்லையே.

ஹெர்மான்: என்னது?

வால்டர்: உன் நாடித்துடிப்பு எல்லார் டிவியிலயும் தெரியுது. அந்தப் பெரிய மேட்டுல கசாப்புக் கடை டிர்க்குக்கு நூத்தி எழுபத்தி ரெண்டு. மனுஷனுக்கு நாக்கு வெளிய தள்ளுது. நீ அவனைத் தாண்டிப் போற. உனக்கு எத்தனை? நூத்திப் பதினெட்டு!

ஹெர்மான்: என் இதயம் அப்படி.

மார்லீன்: ரெண்டு ஸ்டென்ட் வச்ச இதயம்.

ஹெர்மான்: நீ கொஞ்சம் சும்மா இரு!

வால்டர்: அக்டோபர்ல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தவன், ஜனவரில டிர்க்கை ஜெயிக்கிறான். அதுவும் தொடர்ந்து நாலு ஞாயிறு. நாங்க என்ன நினைக்கிறது? அந்த ஆட்டத்துல மேடு ஏற எடைதான் கணக்கு. குறைச்சு எழுதினவனுக்கு மேடு லேசாயிடும். சரின்னு அதுல எல்லாரும் எழுதின விவரத்தைக் கேட்டு வாங்கினோம். உன் பேருக்கு நேரே அறுபத்தொரு கிலோ.

மார்லீன்: எத்தனை?

வால்டர்: அறுபத்தொண்ணு.

மார்லீன்: ...அறுபத்தொண்ணா?

ஹெர்மான்: மெஷின் கோளாறு! நான் அன்னிக்கே சொன்னேன், அதுல ஏதோ கடகடன்னு சத்தம் வருதுன்னு.

வால்டர்: மெஷினுக்கு உன் எடை எப்படிப்பா தெரியும்? நாமதான் எழுதிக் குடுக்கணும். உன் இடுப்பைப் பாத்தே சொல்றேன், தொண்ணூறுக்குக் குறையாது.

ஹெர்மான்: எனக்கு எலும்பு கனம்.

வால்டர்: அதை ஞாயித்துக்கிழமை பாத்துடுவோம். பதினோரு மணி, கஃபேல. நம்ம விவசாயி பீட் தன்னோட உருளைக்கிழங்குத் தராசைக் கொண்டுவரான். எல்லார் முன்னாடியும் நீ ஏறி நிக்கணும்.

மார்லீன்: மூட்டை நிறுக்குற தராசுலயா? மனுஷனையா?

வால்டர்: புதுசா என்ன இருக்கு மார்லீன்? வருஷா வருஷம் ஜனவரில எல்லாரும் அதுல ஏறுறோம். இருக்குறதுலயே கனமானவனுக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு பரிசு. சிரிச்சுட்டு வீட்டுக்குப் போறோம். இந்த வருஷம் இவன் மட்டும்தான் வரலை. ஜலதோஷம்னான்.

மார்லீன்: ஜலதோஷமா? உனக்கு எப்ப...

ஹெர்மான்: வந்துச்சு! உன்கிட்ட சொல்லலை!

வால்டர்: எடை சரியா இருந்தா கமிட்டி மன்னிப்புக் கேக்கும். இல்லைன்னா சங்கத்து ஜெர்சியை அங்கயே கழட்டிக் குடுத்துடணும். என்மேல கோவப்படாத. நம்ம ஃபிளாண்டர்ஸ் பக்கம் பொண்டாட்டிய ஏமாத்தினவனைக்கூட நாலு நாள்ல மன்னிச்சுடுவாங்க. மேட்டுல ஏமாத்தினவனை மன்னிக்க மாட்டாங்க.

ஹெர்மான்: வெளிய போடா!

வால்டர்: போறேன். காபிக்கு நன்றி மார்லீன்.

மார்லீன்: கையில எடுத்த அந்த வாஃபிள் பலகாரத்தை வச்சுட்டுப் போ.

ஹெர்மான்: பாத்தியா? பாத்தியா இவன் திமிரை? எல்லாம் டிர்க் வேலை! தோல்வியைத் தாங்க முடியலை அந்தக் கறிக்காரனுக்கு. முப்பத்தொரு வருஷம் என் முதுகைப் பாக்காதவன் இப்பப் பாக்குறான்ல, வயித்தெரிச்சல்! ஜெர்சியைக் கழட்டணுமாம். என் தோலைக் கழட்டச் சொல்லு, குடுக்குறேன்!

மார்லீன்: ஹெர்மான், உக்காரு.

ஹெர்மான்: உக்கார மாட்டேன்! வக்கீலைப் பாக்கப் போறேன்.

மார்லீன்: உக்காருன்னு சொல்றேன்ல. முகம் சிவந்து போச்சு பாரு... அந்த மெஷினை மாட்டின அன்னிக்கு உன் கையெல்லாம் கிரீஸ். ஞாபகம் இருக்கா?

ஹெர்மான்: இருக்கு. அதுக்கென்ன இப்ப?

மார்லீன்: பேரு, வயசு, உயரம், எடை... எல்லாத்தையும் நான்தான் டைப் அடிச்சேன். தொண்ணூத்தி நாலுன்னு நீ சொன்ன. நான் அதை அடிக்கலை.

ஹெர்மான்: ...அடிப்பாவி!

மார்லீன்: திட்டு. நல்லாத் திட்டு.

ஹெர்மான்: என் பேரு, என் மானம்... ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கப் போகுது! ஏன் மார்லீன்? ஏன்?

மார்லீன்: ஏனா? அந்தக் கல்லு பாவின ரோட்டுல உதடெல்லாம் நீலமாகி நீ கிடந்ததைப் பாத்தது நான். நீ பாக்கலை. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் உன் ஹெல்மெட்டை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நான். டாக்டர் என்ன சொன்னாரு?

ஹெர்மான்: ...நாடித்துடிப்பு நூத்தி இருபத்தஞ்சைத் தாண்டக் கூடாதுன்னாரு.

மார்லீன்: டிர்க் முன்னாடி போனா நீ அதைப் பாப்பியா?

ஹெர்மான்: டிர்க் முன்னாடி போனா எப்படிப் பாக்க முடியும்?

மார்லீன்: அதான்! செத்தாலும் மிதிப்ப. வீட்டுக்குள்ளயே மிதிச்சு, என் விசிறிக்கு முன்னாடியே சாவ. தோத்தாத்தான் உனக்கு ஆபத்து. அதான் ஜெயிக்க விட்டேன்.

ஹெர்மான்: என்கிட்ட ஒரு வார்த்தை...

மார்லீன்: சொன்னா ஒத்துப்பியா? நாலு வாரமா நூத்திப் பதினெட்டுல சிரிச்சுக்கிட்டே இறங்கி வந்த. ராத்திரி நிம்மதியாத் தூங்கின. நானும் தூங்கினேன். உன் பேரு போனா போகட்டும் ஹெர்மான், எனக்கு ஆளு வேணும். ஞாயித்துக்கிழமை நான் கஃபேக்கு வரேன். அடிச்சது நான்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்.

ஹெர்மான்: ...நீ வர வேண்டாம்.

மார்லீன்: வருவேன். அந்தக் கமிட்டியையும் நாலு கேள்வி கேப்பேன்! நோயாளியைத் தராசுல ஏத்துறானுங்களாம்.

ஹெர்மான்: வேண்டாம்னு சொல்றேன்ல. விடு, நானே பேசிக்கிறேன்.

மார்லீன்: ஏன் திடீர்னு குரல் இறங்குது? இப்பதானே வக்கீல்னு குதிச்ச?

ஹெர்மான்: ஒண்ணுமில்லை. காபி மிச்சம் இருக்கா?

மார்லீன்: இரு. ஒண்ணு எனக்குப் புரியலை. நான் அடிச்சது எழுபத்தி ரெண்டு. நம்ம கல்யாணத்தப்ப உன் எடை. கல்யாணக் கோட்டு தைக்கக் குடுத்தப்ப நீயே சொன்ன, மறக்கலை. அறுபத்தொண்ணுன்னு நான் அடிக்கவே இல்லையே?

ஹெர்மான்: மெஷின்ல ஏதோ கடகடன்னு...

மார்லீன்: ஹெர்மான்!

ஹெர்மான்: ...முதல் வாரமே பாத்துட்டேன். எழுபத்தி ரெண்டு. தொண்ணூத்தி நாலுன்னு திருத்தத்தான் போனேன், சத்தியமா. ஆனா எழுபத்தி ரெண்டுலயும் டிர்க்தான் ஒரு சக்கரம் முன்னாடி இருந்தான் மார்லீன்... என் வாழ்க்கையில அவனை ஒரே ஒரு தடவைதான் ஜெயிச்சிருக்கேன். பதினேழு வயசுல. அன்னிக்கு நான் அறுபத்தொண்ணு.