உப்பைக் குறைத்தவருக்கு உள்ளளவும் நன்றி

களைத்த இதயங்களைக் கைப்பிடித்து வீடுவரை கொண்டுசேர்த்த செவிலியச் செல்வமே! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று உலகம் சொல்ல, உப்பைக் குறைத்தே உள்ளங்களில் குடிபுகுந்த இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் மூத்த சகோதரியே! மாடிப்படிகளில் முழங்கால் மூட்டுகளைத் தேய்த்து மற்றவர் மூச்சை மீட்ட மாண்பே! வணக்கம்.

இன்னும் நான்கைந்து அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். எழுதிக்கொண்டிருந்தபோதே அக்கா எட்டிப் பார்த்துவிட்டார். "இவ்வளவையும் நின்னு கேக்கறதுக்குள்ள என் காலே வீங்கிரும், சுருக்கமா முடிங்கப்பா" என்றார். ஆகவே, அவையோரே, அவரை வாழ்த்துமுன் அவரைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்கிறோம். சம்பந்தப்பட்ட வீட்டின் மருமகள் "தாராளமா சொல்லுங்க" என்று அனுமதி தந்த கதை இது.

எங்கள் பிரிவுக்கு வருபவர்களின் இதயம் நின்றுபோவதில்லை, தளர்ந்துபோகிறது. பழைய மோட்டார் தண்ணீரை மேலேற்ற முடியாமல் முனகுவது போல, அது இரத்தத்தைத் தள்ள முடியாமல் முனகுகிறது. காலில் நீர் கோக்கும், நெஞ்சில் நீர் கோக்கும், படுத்தால் மூச்சு முட்டும். நாங்கள் நீரை வடித்து, நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்புவோம். அசல் வேலையே அதற்கப்புறம்தான். உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும். அதைக் கற்றுக்கொடுப்பதும், போனில் கேட்பதும், வீடுதேடிப் போய்ப் பார்ப்பதும்தான் அக்காவின் பணி. திட்டு வாங்குவதும் அதில் சேர்த்தி.

பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். டிரைவர் ஐயா என்போம். தேறி வீட்டுக்குப் போவார். கொஞ்ச நாளில் கால் பானையாக வீங்கித் திரும்பி வருவார். "ஐயாவுக்கு இங்க பர்மனென்ட் சீட்டு" என்று வார்டில் கேலி பேசுவார்கள். அவரும் சிரிப்பார். உப்புச் சாப்பிட்டீர்களா என்று அக்கா கேட்டால், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. நான் அந்தக் குப்பையத்தாம்மா தின்னுக்கிட்டிருக்கேன்" என்பார்.

அக்கா நம்பவில்லை. ஒருநாள், வீடுவீடாக அலைந்து நாக்குத் தள்ளித் திரும்பிய பிற்பகலில், அவர் மறுபடி படுக்கையில் கிடப்பதைக் கண்டு பொறுமை இழந்தார். "பொய் சொல்லாதீங்க ஐயா. வீட்டுல சரியாக் குடுத்தா ஏன் இப்படி வீங்குது?" பக்கத்தில் நின்ற மருமகளின் முகம் செத்துப்போனது. அக்காவுக்கு அதைக் கவனிக்கும் தெம்புகூட அன்று இல்லை.

அடுத்த முறை பெரியவர் வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. பிழைப்பாரா என்பதே கேள்வி. வெளி வராந்தாவில் மருமகள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியமா நான் உப்பே போடறதில்லக்கா. எங்க வீட்டுக்காரர் என்னைத்தான் கேக்கறாரு, அப்பாவுக்கு என்னத்தப் போட்டேன்னு. இவருக்கு ஒண்ணு ஆயிட்டா காலத்துக்கும் நான்தான் கொன்னேன்னு ஆயிரும்."

பெரியவர் எப்படியோ தப்பினார். வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் காலையிலேயே அக்கா அங்கே போனார். செங்குத்தான படி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, இனி இந்த வேலை நமக்கு ஆகாது என்று நினைத்தபடிதான் ஏறினாராம். முன்னறையில் பெரியவரின் கட்டில். அடுத்த அறையில், ஆலையில் இரவு வேலை முடித்து வந்த மகன் அடித்துப்போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அறையைத் தாண்டித்தான் கழிப்பறை. அந்த அறையின் கதவோ திறந்தாலே கத்தும் கதவு.

மருமகள் மாத்திரை கொடுத்தாள். பெரியவர் வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அக்கா உட்கார்ந்தே இருந்தார். உண்மையைச் சொன்னால், எழுந்திருக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பெரியவர் கட்டிலை விட்டு அசையவே இல்லை. நீர் மாத்திரை போட்டவரால் அப்படி அசையாமல் இருக்க முடியாது. மருமகள் அடுப்படிக்குள் போனதும் அக்கா மெதுவாகக் கேட்டார்: "ஐயா, மாத்திரை எங்க?"

பெரியவர் சன்னலைப் பார்த்தார். பிறகு மூடியிருந்த கையை விரித்தார். பாதி கரைந்த மாத்திரை உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

"அதப் போட்டா காலை பூரா ஓடிக்கிட்டே இருக்கணும்மா. ஒவ்வொரு தடவையும் அவன் முழிச்சுக்குவான். நானும் நைட்டு வண்டி ஓட்டுனவன். பகல்ல தூங்கறவன எழுப்பறது எவ்வளவு பாவம்னு எனக்குத் தெரியும். கண்ணு சொருகி மெஷின்ல கையக் குடுத்துட்டான்னா? என் நெஞ்சு எப்படியும் போற நெஞ்சு. அவன் தூக்கமாவது மிஞ்சட்டும்."

பொய் சொல்லாதீங்க என்று தான் அதட்டியது அக்காவுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதற்குள் கதவு கத்தியது. கண் சிவக்க மகன் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்துவிட்டது.

"இதுக்காகவாப்பா?" என்றார். அடுப்படியிலிருந்து வந்த மனைவியிடம் திரும்பி, "உன்னையப் போயி..." என்றார். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். அந்த நிமிடமே மகன் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மறு பக்கத்தை மூட்டுவலியோடு அக்கா தூக்கினார். அப்பா உள்ளறைக்குப் போனார், மகன் முன்னறைக்கு வந்தார். தெருச் சத்தம் என்று மருமகள் தயங்க, "எனக்கு இடி விழுந்தாலும் தூக்கம் வரும், இவருக்குத்தான் தெரியல" என்றார் மகன். பெரியவர் அன்று வாய்விட்டுச் சிரித்தார்.

அதன்பின் அவர் எங்கள் வார்டுக்கு வரவே இல்லை. ஆனாலும் தளர்ந்த இதயம் தளர்ந்ததுதான். மழைக்காலம் ஒன்று போய் அடுத்தது வருமுன் அது மெல்ல அடங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். மருத்துவரும் அக்காவும் வீட்டுக்கே போய் மூச்சு முட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பகலில், விழித்திருந்த மகனின் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார்.

சில நாள் கழித்து மருமகள் போன் செய்தாள். "அக்கா, இன்னிக்கும் காலையில எடை மெஷின எடுத்து வெச்சுட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு." "இருக்கட்டும்மா. அங்கயே இருக்கட்டும்" என்றார் அக்கா. போனை வைத்துவிட்டு ஆறிப்போன தேநீரைக் குடித்தார். "ரொம்பக் களைப்பா இருக்குப்பா" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

அருமை அக்கா! இனி உங்களிடமே பேசுகிறோம். நீங்கள் நோயை வென்றீர்கள் என்று புகழ மாட்டோம். அது உங்களுக்கே பிடிக்காத பொய். படுக்கைகள் இன்றும் நிறைந்தே கிடக்கின்றன. ஆனால், சாகும்வரை வாழ இடம் வேண்டும் என்பதற்காக, முன்பின் அறியாத வீடுகளில் கட்டிலை நகர்த்தினீர்கள். கடிந்த வாயாலேயே கனிந்தீர்கள். களைத்த காலோடே கடமைக்குப் போனீர்கள். களைக்காதவர் என்று உங்களைச் சொல்லவே மாட்டோம், அக்கா. களைத்த பின்னும் படியேறியவர் நீங்கள்!

மூட்டுவலி குறைந்து, முகம் மலர்ந்து, நீடு வாழ்க! நாளைக் காலை வெயில் மெத்தைமேல் ஏறும்வரை தூங்குங்கள். யாரும் உங்களை எழுப்ப மாட்டோம்.

இவண்,
இன்னும் படியேறிக்கொண்டிருக்கும்
இதயப் பிரிவுப் பணியாளர்கள்