முதல் முடிச்சு வரைக்கும்

இல்லண்ணா, நீங்க முதல்ல அந்த இட்லியைச் சாப்பிடுங்கோ. தவுலை நான் பிடிச்சுக்கறேன். எனக்கு வேண்டாம், நான் இன்னிக்கு சாப்பிடக் கூடாதாம்.

அப்போ நாயனக்காரர் அர்ஜுனன் விஜயவாடாவுல தயிர்சாதம் வாங்க இறங்கினார், வண்டியை எடுத்துட்டான், நீங்க மட்டும் ஹவுராவுல வந்து சேர்ந்தேள். புரியறது. ஆனா தயிர்சாதம் வாங்க நாயனத்தையும் எதுக்குண்ணா தூக்கிண்டு போனார்? ஓ, யாரையும் நம்பி விட்டுட்டுப் போக மாட்டாரா. சரி, பெரிய வித்வான்.

இங்க நிலைமையைச் சொல்லிடறேன். பொண்ணு கூரைப்புடவை கட்டிண்டு வந்தா முகூர்த்தம். பொண்ணோட அப்பா ஸ்ரீனிவாசராகவன் மாமா, கெட்டிமேளம் இல்லாம தாலி ஏறாது, தை மாசம் பார்த்துக்கலாம்ங்கறார். தை மாசத்துக்குள்ள மனுஷன் மனசு மாறிடுவார், எனக்கு நன்னாத் தெரியும். பந்தல் போட்ட பெங்காலி தாதா, இங்க அண்ணாவை அப்படித்தான் கூப்பிடுவா, பாவம், ஷெனாய் கேசட் இருக்கு, போடட்டுமான்னார். அப்போ பொண்ணை டேப்ரிக்கார்டருக்கே கட்டிக் குடுத்துடறேன்னு மாமா கத்தினார். தாதாவுக்குத் தமிழ் தெரியாது. பிளக் பாயிண்ட் தேடப் போயிட்டார்.

அதான் இதை எடுத்துண்டு ஓடி வந்தேன். சாக்ஸபோன். உங்க ஊர்லயும் கல்யாணத்துக்கு வாசிக்கறாளா? அது கர்நாடகம்ண்ணா. எனக்கு ஒரு கீர்த்தனை வராது. நான் பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல்ல ஜாஸ் வாசிக்கறவன்.

யார்கிட்ட கத்துண்டேனா? அப்பாவுக்குக் கிடர்பூர்ல கஸ்டம்ஸ் வேலை. விடிஞ்சா கப்பல் ஊதும். அதான் எனக்கு சுருதி. அம்மா பாட்டு வாத்தியார் வச்சா. அவர் ஒரு சுருதியில ஸா பிடிப்பார், கப்பல் வேற சுருதியில பிடிக்கும், நான் கப்பல் பக்கம் போயிட்டேன். ஆறு மாசத்துல அவர் டாலிகஞ்சுக்கே வீடு மாத்திண்டு போயிட்டார். அப்பறம் பெர்ட்டி அங்கிள், ஆங்கிலோ இந்தியன். அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். பக்கத்துல இருக்கறவன் மூச்சு விடற இடம் எதுன்னு பாரு, அங்க நுழைன்னார். அவ்வளவுதான் ஜாஸ், மீதியெல்லாம் சட்டை.

அதனால எனக்கு உங்க தாளம் தெரியாட்டாலும் பயமில்லை. நீங்க கெட்டியா அடியுங்கோ, நான் கப்பல் மாதிரி ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சு நிக்கறேன். யார் தும்மினாலும் காதுல விழாது. கெட்டிமேளமே அதுக்குத்தானே.

ஒரே சிக்கல், கல்யாணம் பண்ணி வைக்கற வாத்யார். எங்க பேண்ட்ல ஒருத்தன் தலையைத் தொட்டா பாட்டை மறுபடி முதல்லேர்ந்து எடுக்கணும். இவருக்குக் குடுமி அரிக்கறது, நிமிஷத்துக்கு ஒரு தரம் சொறியறார். அவரைப் பார்த்து வாசிச்சா சாயங்காலம் வரைக்கும் கல்யாணம் முடியாது. நான் உங்களைத்தான் பார்ப்பேன்.

கன்னத்துல என்னவா? மைதான், திருஷ்டிக்கு. அக்கா வச்சா. இருங்கோ, அதுக்குத்தான் வரேன்.

வாத்யார் விரலை ஆட்டினதும் என்னைத் தேடாதேங்கோ. நான் மணையில இருப்பேன். சாக்ஸ் கழுத்துல, மாலைக்கு அடியில தொங்கும். ஆனா ஊத முடியாது. அதுக்கு ரெண்டு கை வேணும், தாலிக்கும் ரெண்டு கை வேணும். நல்லவேளை, நான் ஒரு முடிச்சு போட்டாப் போறும். மத்த ரெண்டையும் சங்கரி அக்கா போடுவா, நாத்தனார் முடிச்சு. என் கை ஃப்ரீ.

அதனால முதல் முடிச்சு வரைக்கும் நீங்க ஒத்தை ஆளா தாங்குங்கோண்ணா. ரெண்டாவதுல நான் நுழைஞ்சுடறேன்.

மூச்சு மட்டும் எங்கேயாவது விடுங்கோ.