அரங்கேற்றமும் ஸ்கொட்லாந்துக் கோப்பையும்

ஹரோவில் ரயில் ஏறிய ஒரு கணவனும் மனைவியும் எனக்கு எதிரே இருந்தார்கள். மனைவிதான் தொடங்கினாள்.

“இஞ்சருங்கோ, அலுமாரி நிறையக் கோப்பை வைச்சிருக்கிறவங்களுக்கு இன்னுமொண்டு எதுக்கு?”

“ஸ்கொட்லாந்தில எங்கட புட்போல் கிளப் மாதிரி வென்றவன் ஆர்? லீக், கப் எல்லாம் எங்கடதான். வாற சனிக்கிழமை பைனல்.”

“எங்கடயோ? கிளாஸ்கோவில ஆறு மாசம் கடையில நிண்டா கிளப் உங்கடயோ? அண்டைக்குத்தான் உங்கட மகளின்ர அரங்கேற்றம்.”

“ஓம், தெரியும். பிரதம விருந்தினரின்ர பேச்சைக் குறைச்சால் மட்சின்ர ரெண்டாம் பாதியைப் பிடிக்கலாம்.”

கேட்ட எனக்கே பற்றி எரிந்தது.

“முழுசாவே பாருங்கோ. தகப்பன் சொல்ல வேண்டிய நன்றியுரையை என்ர தம்பி சொல்லுவான்.”

ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் அவள் இறங்கிப் போனாள். கதவு மூடிய பிறகுதான் அந்த மனுசன் எழும்பினார்.