கை குறுக்கே வரும்வரை

இட்லியை ஃபாயிலில் சுற்றும்போது நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு சுற்றினால் வேர்த்துவிடும். சைக்கிள் ஓட்டுகிறவன் முதுகுப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கடிக்கும்போது பாதி கையிலேயே ஒட்டிக்கொள்ளும். எண்ணெயில் குழைத்த பொடியை இரண்டு பக்கமும் தடவி ஆறவைத்துச் சுற்ற வேண்டும். ஹார்மெனுக்கு நான் முதலில் செய்த வேலை இதுதான்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த ஐயா, நடந்ததைத் தமிழிலேயே எழுதுங்கள், சண்முகப்ரியா மேடம் இங்கிலீஷில் மாற்றித் தருவார் என்றார். தன்மையான மனிதர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். விபத்து நடந்த அன்று ஹார்மென் எதற்காகக் கையைத் தூக்கினார்? அதற்கு மட்டும் பதில் எழுதினால் ஒன்றும் புரியாது. அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

எழுத்துப் பிழைகளை மேடம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதப் படித்ததே ஹூஸ்டனுக்கு வந்த பிறகுதான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். டீச்சர் தமிழில் கேட்பார், பிள்ளைகள் இங்கிலீஷில் சரியாகச் சொல்வார்கள், நான் தமிழில் தப்பாகச் சொல்வேன். பக்கத்து நாற்காலிச் சிறுமி வெண்பா, "அங்கிள், இட்ஸ் ஓகே, எனக்கும் அந்த ழ வராது" என்று முதுகில் தட்டுவாள்.

அதற்கு முன்னால் காங்கேயத்தில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். பிறகு லாரி. ராமசுப்ரமணியன் சார் ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் ரோட்டில் மெஸ் திறந்தபோது கூட்டி வந்தார். மாவு, பாத்திரம், வேன் எல்லாம் என் பொறுப்பு. உடம்பு வலியைப் பற்றி எனக்குத் தெரியும். தூங்கி எழுந்தும் போகாத அலுப்பு ஒன்று இருக்கிறது. அதை ஒரு மனிதன் நடந்து வருவதிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

சாருக்கு சைக்கிள் ரேஸ் பைத்தியம். மெஸ் பெயரில் ஒரு சின்ன டீம் வைத்திருந்தார். முதுகில் இட்லிப் படம் போட்ட பனியன். அதைப் போட்டுக்கொண்டு ஓட்ட ஹாலந்திலிருந்து ஹார்மென் வந்து சேர்ந்தபோது அவனுக்கு மற்றவர்கள் ஓய்வெடுக்கிற வயது. ஆறடிக்கு மேல் உயரம். கதவுக்குள் குனிந்து வந்தான். அந்தக் குனிதலிலேயே அந்த அலுப்பு எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் பெயர் சமையல்கட்டில் யாருக்கும் வரவில்லை. மெஸ்ஸில் சமைக்கிற சாந்தாமணி அவனை ஆறுமுகம் ஆக்கிவிட்டாள். அவன் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் கிட்டத்தட்ட ஒரே உயரம் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது. சாயங்காலம் நான் அவன் காலைப் பிடித்துவிடும்போது அவன் கதை சொல்வான்.

பிறந்த ஊர் கடலோரம். மலையே கிடையாது, காற்றுதான் மலை என்பான். ஐரோப்பாவில் பெரிய டீம்களில் ஓட்டியிருக்கிறான். ஜெயிப்பதற்கு அல்ல. கேப்டனுக்குக் காற்று அடிக்காமல் முன்னால் போவது, பின்னால் வருகிற டீம் காருக்கு இறங்கி வந்து தண்ணீர் பாட்டில்களைப் பனியனுக்குள் திணித்துக்கொண்டு மறுபடி ஏறிப்போய்க் கொடுப்பது, இதுதான் வேலை. ஒருமுறை இத்தாலியில் ஒரு மலையில் எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாக முன்னால் போய்விட்டான். காதில் இருந்த ரேடியோவில், கேப்டன் சக்கரம் பஞ்சர், நீ நில், உன் சக்கரத்தைக் கொடு என்றார்கள். நின்றான். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மற்றவர்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கோபம் வரலையா?" என்று கேட்டேன்.

"நான் மூட்டை தூக்கறவன் சேனா. உன்னை மாதிரி," என்றான்.

என்னை மாதிரி என்று அவனே சொன்னான். மேடம் இதை விடாமல் இங்கிலீஷில் மாற்ற வேண்டும்.

பொங்கலுக்கு மெஸ்ஸில் இலை போட்டோம். நான் சாதம் வைத்தேன். "போதும்" என்றான். அவனுக்குத் தெரிந்த ஐந்தாறு தமிழ் வார்த்தைகளில் அது ஒன்று. நான் இன்னொரு கரண்டி வைத்தேன். "போதும், போதும்." இன்னொன்று வைத்தேன். மிரண்டுபோய்ப் பார்த்தான்.

"ஏனுங் ஆறுமுகம்," என்றாள் சாந்தாமணி, "வாயில சொன்னா ஆரு நம்புவாங்க? கூச்சத்துல சொல்றீங்கன்னு நெனச்சு இன்னும் வெப்பம். கைய குறுக்க வெய்ங்க. இப்படி."

அவன் பெரிய உள்ளங்கையை இலைக்கு மேல் விரித்தான். நான் நிறுத்தினேன்.

"ஓ. மௌத் பொய். ஹேண்ட் உண்மை."

"ரொம்ப கரெக்ட்டுங்," என்றாள். எல்லோரும் சிரித்தோம். அதிலிருந்து கால் பிடிக்கும்போதுகூட வலித்தால் வாயால் சொல்ல மாட்டான். கையைத் தூக்கிக் காட்டுவான். நான் விட்டுவிடுவேன். ஒருமுறைகூட மீறியதில்லை.

போன கோடையில் நியூ ஜெர்சியில் ஒரு ரேஸ். ஜெர்சி சிட்டியிலிருந்து நம் ஆட்களெல்லாம் வந்து கத்தினார்கள். ஹார்மென் ஜெயித்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவை. மேடையிலிருந்து இறங்கி வந்து மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டு, என் தோளில் முகத்தை வைத்து அழுதான். இவன் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டான் என்று நினைத்தேன். இனி அவனைப் படுக்கவைத்து யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த ரேஸைப் பார்த்துவிட்டு கலிபோர்னியாவில் பே ஏரியா டீம் ஒன்று அவனைக் கூப்பிட்டது. குபெர்டினோவில் ஆஃபீஸ். டெக்சஸ் மலைப்பக்கம் பயிற்சிக்குப் போயிருந்த இடத்தில், கால் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் என்னிடம் சொன்னான்.

"கேப்டன் நான்தான் சேனா. எனக்கு மத்தவங்க தண்ணி கொண்டு வருவாங்க. நினைச்சுப் பாரு."

"நானும் வரட்டா?"

"அவங்களுக்கு அவங்க ஆளுங்க இருக்காங்க. படிச்சவங்க, அதுக்குன்னு டிப்ளமோ எல்லாம் வெச்சிருக்காங்க. நான் கேட்டுப் பார்த்தேன், நிஜமா கேட்டேன். உன் இட்லிதான் எனக்குப் பிரச்சனையே. அங்க யார் தருவா?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவனை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. கெண்டைக்கால் சதை கல்லாகக் கிடந்தது. அதை என் கை அறியும், டிப்ளமோ அறியாது. இன்னும் இரண்டு வருடம் ஓட்டப்போகிறேன் என்று வாய்தான் சொன்னது.

மறுநாள் காலையில் வழக்கம்போல அவன் முன்னால், நான் வேனில் பின்னால், விளக்கை மின்னவிட்டுக்கொண்டு. பின்னால் வருகிற வண்டிகள் அவன் மேல் வராமல் மறைப்பதுதான் என் வேலை. ரோட்டில் வேறு யாரும் இல்லை. அவன் விசிலடித்துக்கொண்டே மேடு ஏறினான். விசில் சந்தோஷத்துக்கு என்று நினைக்கிறவர்கள் மூட்டை தூக்கியதில்லை. நாங்களும் ஆலையில் விசிலடிப்போம்.

மேடு முடிந்து இறக்கம் தொடங்கியது. அங்கேதான் திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்கினான். உள்ளங்கை விரிந்து என் பக்கம் இருந்தது.

சைக்கிள்காரர்கள் கையைத் தூக்கினால் வண்டியை முன்னால் கொண்டுவா, தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். தினமும் அவன் அப்படித் தூக்கினால் நான் பக்கத்தில் போய் பாட்டிலை நீட்டுவேன். அன்றைக்கும் பாட்டில் என் மடியில் தயாராக இருந்தது. ஆனால் அன்று அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு இலைதான் ஞாபகம் வந்தது. போதும் என்கிறான். வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்கிறான்.

போலீசிடம் அன்று, வேன் அவன் சைக்கிள் சக்கரத்தில் பட்டுவிட்டது என்று சொன்னேன். அப்போது நான் அழுதுகொண்டிருந்ததால் நம்பினார்கள். அழுதது பொய் அல்ல. ஆனால் தமிழ் வகுப்பில் ஒரு பாடம் உண்டு. உருண்டான், உருட்டினான். விழுந்தான், வீழ்த்தினான். தன்வினை, பிறவினை. இவ்வளவு செலவு செய்து படித்துவிட்டு எழுத்தில் தப்பாக வைக்கக் கூடாது. வேன் படவில்லை. நான் படவைத்தேன். பிரேக்கில் இருந்த காலை எடுத்து மற்றதில் வைத்தேன், தூங்குகிறவனைத் தோளில் தொட்டு எழுப்புவது போல மெதுவாகத்தான். இறக்கம் என்பதால் மீதியை ரோடு பார்த்துக்கொண்டது.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இப்போது சார் வீட்டுப் பின்பக்க அறையில் இருக்கிறான். நான்தான் குளிப்பாட்டுகிறேன், திருப்பிப் போடுகிறேன். கால் இரண்டையும் காலையிலும் மாலையிலும் பிடித்துவிடுகிறேன். சதை எவ்வளவு மிருதுவாகிவிட்டது தெரியுமா? கல் இருந்த இடமே தெரியவில்லை. அவனுடைய அக்கா சனிக்கிழமை ஹாலந்திலிருந்து வருகிறாள், ஊருக்குக் கூட்டிப்போக. அவளுக்கு அவனைப் பற்றி என்ன தெரியும்? அதனால்தான் ஐயாவுக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன். படித்தால், இவனை யார் கையில் விட வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.

ஐயா வந்து அந்தக் கேள்வியைக் கேட்டபோது ஹார்மெனும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். "தண்ணிக்கு," என்றான் மெல்ல. பிறகு என்னைப் பார்த்தான். ஐயா போனபிறகும் பார்த்துக்கொண்டே இருந்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

சாந்தாமணிகூட இன்று வாசலில் நின்று சொன்னாள்: "விடுங்ணா. வேண்டாங்கறாரு பாருங்."

"உனக்குத் தெரியாதா சாந்தா? நீதான சொல்லிக் குடுத்த," என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

இட்லியைப் பாலில் பிசைந்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வரி, ஒரு ஸ்பூன். முதல் ஸ்பூனுக்கே "போதும், சேனா" என்றான். இப்போது மறுபடியும் சொல்கிறான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிகிறது, துடைத்துவிட்டேன். வாயால் சொல்வது கூச்சத்தில் சொல்வது. கிண்ணத்தை அவன் நெஞ்சின் மேல், கைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அவன் இன்னும் கையைக் குறுக்கே வைக்கவில்லை.