அந்த ‘ச்’

எனக்கு வெந்நீர் போதும், ஐயா. தொண்டையை வைத்துப் பிழைக்கிறவன்; காபி, டீ பக்கம் போவதில்லை. வாசலில் நிற்கிற காவலர் ஏன் என்னையே வெறித்துப் பார்க்கிறார் என்று தெரியவில்லை. டிவியில் பார்த்திருப்பார்.

பெரிய நடிகர் ஒருவரின் குரலில் மிமிக்ரி செய்துதான் நான் பெயர் வாங்கினேன் என்கிறார்கள். பாதிதான் உண்மை. நான் மேடையேறியபோது அவர் படமில்லாமல் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவரை மறுபடி வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். அவர் என்னைத் தம்பி என்பார், நான் அண்ணன் என்பேன்.

உண்மையில் அவர் குரலில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. ஏதாவது ஒரு கோணல் இருந்தால்தான் ஜனங்களுக்கு ஆள் தெரியும். அதனால் நானே ஒன்று செய்து வைத்தேன். பேச ஆரம்பிக்கும் முன் நாக்கைத் தட்டி ஒரு ‘ச்’. அவர் ஆயுளில் அப்படிச் செய்ததில்லை. ஆனால் கொஞ்ச நாளில், பார்க்கிறவர்கள் எல்லாம் அந்த ‘ச்’ போடச் சொல்லி அவரையே கேட்க ஆரம்பித்தார்கள். போடாவிட்டால் முகம் வாடினார்கள். வேறு வழியில்லாமல் அவரும் போட்டார்.

ச், எங்கே விட்டேன். என் நிகழ்ச்சியில் போன் பகுதி ஒன்று உண்டு. அவர் குரலில் யாரையாவது கூப்பிட்டுக் கலாய்ப்பேன். அவர் மகளையும் கூப்பிட்டேன். அவள் போனில் அண்ணன் வீட்டு எண்ணே தெரிகிற மாதிரி எங்கள் ஒலிப்பதிவாளர் ஏற்பாடு செய்திருந்தார். நெஞ்சு வலிக்கிறது என்றேன். அந்தப் பெண் செருப்புகூடப் போடாமல் அப்பா வீட்டுக்கு ஓடிவந்தாள். வாசலில் எங்கள் கேமரா. நேயர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொரு தடவையும் ஏமாந்தாள். அடுத்த தடவை, “எங்கப்பா குரல்ல இனிமே யாரு கூப்பிட்டாலும் வச்சிடுவேன்” என்று துண்டித்துவிட்டாள். அதையும் ஒளிபரப்பினோம்.

அண்ணனுக்குக் கோபம். பேட்டி கொடுக்கப்போவதாகச் சொன்னார். அந்த ‘ச்’ தன்னுடையதே இல்லை, என் வாயில் வருவது தன் குரலே இல்லை என்று ஊருக்குச் சொல்லப்போகிறாராம். என் பிழைப்பில் மண்ணைப் போடுவதை அவ்வளவு நிதானமாக என்னிடமே சொன்னார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், மேக்கப் அறையில் இருந்தபோது போன் வந்தது. முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“தம்பி, நான்தாம்பா. நெஞ்சு அடைக்குது. பாப்பா வச்சிட்டா. இது நான்தான்னு நீயாவது அவகிட்ட சொல்லு.”

யார் என்று மேக்கப் போடும் பெண் கண்ணாலேயே கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே போனில் சொன்னேன்: “குரல் பரவாயில்லப்பா. ஆனா அந்த ‘ச்’ வரலையே. நல்லா பழகிட்டுக் கூப்பிடு.”

வைத்துவிட்டேன். யாரோ ரசிகன் என்று நினைத்து அவளும் சிரித்தாள். உங்களிடம் வந்து சொன்னது அவள்தான் என்று தெரியும், அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. மறுநாள்தான் மகள் போய்க் கதவைத் திறந்து பார்த்தாளாம்.

ஆள் தெரியாமல் வைத்துவிட்டேனா என்கிறீர்கள். தெரியாமல் என்ன? முதல் மூச்சிலேயே தெரியும். அந்தக் குரலை என்னைவிட யார் அறிவார்? மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். சொல்லக்கூடாது என்றுதான் சொல்லவில்லை. ஒரு குரலுக்கு இரண்டு பேர் எதற்கு? இரங்கல் கூட்டத்தில் நான் ‘ச்’ என்றதும் அரங்கமே அழுதது. மகளும்தான். அப்பன் கூப்பிட்டபோது போனை வைத்தவள், நான் பேசியதும் அழுதாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்பதுதான் எனக்குப் புரியவில்லை. ச், அவர் குரலை விட்டுவிட்டு என் சொந்தக் குரலில் பேசச் சொல்கிறீர்கள். காலையிலிருந்து அதில்தானே ஐயா பேசிக்கொண்டிருக்கிறேன்.