பஸ்ஸில் அழக் கூடாதவள்

ஐம்பது வயது தாண்டியும் நாவல் படித்தால் எனக்குக் கண் கலங்கிவிடும். பஸ்ஸில் என்றால் தடிமன் பிடித்தவன் போல மூக்கை உறிஞ்சிச் சமாளிப்பேன். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த இளம்பெண்ணுக்கு அந்த வித்தை தெரிந்திருக்கவில்லை என்பது அவர்கள் பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் அவளுடைய அம்மா, காதில் போனோடு பதறிக்கொண்டிருந்தார்.

"காலையில பஸ்ல ஏன்டி அப்புடி அழுத?"

"கதைப் புத்தகம் படிச்சேம்மா."

"பாத்தவங்க லயத்து வீடுகளுக்குப் போன் போட்டுட்டாங்க. படுக்கையில கெடக்குற தாத்தா போய்ட்டாருன்னு நெனச்சு, தேயிலக் கொழுந்தெடுக்குறத விட்டுட்டு எல்லாரும் வந்துட்டாங்க. தாத்தாவே யாரு செத்தான்னு கேக்குறாரு!"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது போகட்டும். யாரோ அப்பாவுக்கும் சொல்லிட்டாங்க. பிரசர்காரரு, கொழும்புல அழுதுகிட்டே பஸ் ஏறினாராம். இப்ப போன எடுக்க மாட்டேங்குறாரு."

"இன்னொரு தடவ போட்டுப் பாருங்கம்மா."

பஸ் நோர்வூட் ஊரைத் தாண்டிய பிறகுதான் அப்பா போனை எடுத்தார்.

"என்னங்க, உங்க அப்பா நல்லா இருக்காரு! புள்ள கதை படிச்சு அழுதிருக்கு, அவ்வளவுதான்!"

சற்று நேரம் கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்தினார்.

"கதையில செத்தது யாருன்னு கேக்குறாரு."

"நாய்க்குட்டிம்மா."

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"ரொம்ப நல்ல மனுசனாம்ங்க," என்றார் போனில்.